மூக்கு இல்லாத நாள்

"முப்பது அடி தள்ளி வாங்க சார். மூஞ்சில என்னத்தையோ பூசிட்டு வந்திருக்கீங்க."

மண்டியிட்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் இதைச் சொன்னார். கையில் மூன்றடி நீள இரும்புக் கம்பி. அதை மண்ணில் செருகி, ஒரு திருகு திருகி, மெல்ல உருவி, நுனியை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். ஒரே ஒரு மூச்சு. பிறகு கம்பியைத் துணியால் துடைத்துவிட்டு, நாலடி தள்ளி மறுபடி செருகினார். காலை மணி ஐந்தே முக்கால். சவரம் செய்ததும் நான் தடவியிருந்த வாசனைத் திரவம் மாமனார் வாங்கிக் கொடுத்தது, நல்ல விலை. அதற்கு இதுவரை இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

முப்பது அடி தள்ளியே நடந்தேன். காற்று திரும்பியபோது, "இந்தப் பக்கமா மாறிக்குங்க" என்று கையால் காட்டினார். அதற்கும் மாறிக்கொண்டேன்.

எண்ணெய்க் கிணறுகளிலிருந்து சேமிப்புத் தொட்டிகள் வரை மண்ணுக்கு அடியில் ஒன்பது கிலோமீட்டர் குழாய் ஓடுகிறது. கால் கிலோமீட்டருக்கு ஒரு மஞ்சள் கல். மொத்தம் முப்பத்தாறு கற்கள். ஞாயிறு தவிர தினமும் முதல் கல்லிலிருந்து கடைசிக் கல் வரை நடந்து, மண்ணில் எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பது இவர் வேலை. குழாயின் இரண்டு முனையிலும் கருவிகள் இருக்கின்றன. குழாய் உடைந்தால் அவை அலறும். ஊசிமுனை அளவு ஓட்டையைப் பற்றி அவற்றுக்குக் கவலையில்லை. அதற்குத்தான் இந்த மனிதர், ஒப்பந்தக்காரர் மூலமாக, பத்தொன்பது வருடமாக.

ஊரில் இவருக்குப் பெயர் மூக்கர். அப்படியொன்றும் பெரிய மூக்கில்லை. கண்ணாடி போட்டால் நழுவி விழுகிற சின்ன மூக்குதான். ஆனால் எதிர்வீட்டில் பால் தீய்ந்தாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்பார்கள். சமையல் வாயு கசிகிறதோ என்று சந்தேகம் வந்தால் பெண்கள் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்வதில்லை. "மூக்கர் அண்ணே, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்று சன்னல் வழியாகக் கூப்பிடுகிறார்கள். போய், வாசலில் நின்றபடியே, "அது வாயு இல்லம்மா, உங்க வீட்டு முட்டைக்கோசு" என்று சொல்லிவிட்டு வருவார்.

எண்ணெயைப் பற்றிப் பேசும்போது மட்டும் கொஞ்சம் நீளமாகப் பேசுகிறார். "புதுசாக் கசிஞ்சது மண்ணெண்ணெய் மாதிரி நேரா ஏறும் சார். ரெண்டு நாள் ஆனா செருப்புக் கடை வாடை. மூணு நாலு நாள் ஆச்சுன்னா மூக்குக்குத் தெரியாது, தொண்டைக்குத்தான் தெரியும்." வெயில் ஏறினால் எல்லாம் கலந்துவிடும் என்பதால் விடியலில் கிளம்புகிறார். கிளம்பும் முன் வெந்நீர் மட்டும். தேநீர் கடைசிக் கல்லைத் தொட்ட பிறகுதான்.

இந்த மூக்கோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியமில்லை. அவர் மனைவி என்னிடம் இதைச் சொல்லக் காத்திருந்தவர்போல் சொன்னார்.

"மாப்பிள்ளை குடிப்பாரா, சீட்டாடுவாரான்னு எங்கப்பா ஊரெல்லாம் விசாரிச்சாரு. மோப்பம் பிடிக்கிறவரான்னு யாருங்க விசாரிப்பாங்க? இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்டுல பவுடர் டப்பா கிடையாது. வெங்காயம் உரிக்கணும்னா இவரு வாசப்படி தாண்டணும்."

"சோப்பு?" என்றேன்.

"சனிக்கிழமை சாயங்காலத்துலேருந்து ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் எனக்குச் சுதந்திரம். பக்கத்து வீட்டுல ரோஜா சோப்பு ஒண்ணு ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"மேல் தட்டுல, அரிசி டப்பாவுக்குப் பின்னாடி" என்றார் மூக்கர், செருப்பைக் கழற்றிக்கொண்டே. அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் அங்கே போனது நிறுவனத்தின் செலவில்தான். மறைக்க என்ன இருக்கிறது? தன் சமூகப் பொறுப்புப் பணிகளைப் பற்றி நிறுவனம் வருடந்தோறும் பளபளவென்று ஒரு மலர் போடும். அதில் 'மக்கள் முகங்கள்' என்ற பகுதிக்கு ஆறு பேரைப் பற்றி எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு. ஆளுக்கு ஐந்நூறு சொல், சிரித்த முகமாக ஒரு படம். மூக்கரைப் பற்றி நான் எழுதிக் கொடுத்ததில் பாதி அந்த மலரில் வரவில்லை. படத்தில் கம்பியைக்கூட வெட்டிவிட்டார்கள், வெறுமனே மண்டியிட்டுக் கும்பிடுகிற ஆள்போல் இருந்தார். அந்த எரிச்சலில்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

நிறுவனம் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மருந்தகம் கட்டியிருக்கிறார்கள், அதில் மருத்துவர் இருக்கிறார், மருந்தும் இருக்கிறது. பள்ளிக்குக் கூரை மாற்றியிருக்கிறார்கள். மூக்கரின் ஒரே மகள் செவிலியர் படிப்பு படிப்பதே அவர்கள் கொடுக்கும் உதவித்தொகையில்தான். "அதுக்குக் கையெடுத்துக் கும்பிடுறேன் சார். ஆனா அது வேற, இது வேற" என்பார் மூக்கர். 'இது' என்றால் பதினான்காவது கல்லிலிருந்து பதினேழாவது கல் வரை.

அந்த முக்கால் கிலோமீட்டர் மட்டும் பழைய குழாய். மற்ற இடத்தில் எல்லாம் மாற்றியாகிவிட்டது, இங்கே ஏதோ காரணத்தால் நின்றுபோனது. மூக்கர் இந்த முக்கால் கிலோமீட்டரில் மட்டும் பதினோரு முறை சிவப்புக் கொடி நட்டிருக்கிறார். கொடி நட்டால் ஐம்பது அடிச் சுற்றளவில் எந்த வேலையும் நடக்கக் கூடாது, பொறியாளர் வந்து தோண்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கொடியை எடுக்கலாம். நிறுவனமே அச்சடித்த விதி. பதினோரு முறையும் வந்தார்கள், தோண்டினார்கள், ஓட்டைக்கு மேல் இரும்புப் பட்டை போட்டு இறுக்கினார்கள், மூடினார்கள்.

"சட்டையில ஒட்டுப் போடலாம் சார். ஒட்டையே சட்டையாப் போட்டுக்க முடியுமா?"

முழுக் குழாயையும் மாற்றச் சொல்லிப் பதினான்கு மனு எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றின் நகலும் மகளின் பழைய பள்ளிப் பையில் இருக்கிறது.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பிறப்பு உண்டு. அதை அவரே சொன்னார், பதினைந்தாவது கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. எனக்கு அந்த நேரம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குச் சளி பிடித்தது. சாதாரணச் சளி, நாலு நாள். லீவு போட்டால் அன்றைய கூலி போகும், மாற்று ஆளும் கிடையாது. கம்பியைச் செருகினார், முகர்ந்தார், ஒன்றும் வரவில்லை. பதிவேட்டில் 'வாசனை இல்லை' என்று எழுதினார். மூன்று நாள் அப்படியே எழுதினார். நாலாம் நாள் மூக்கு திறந்தது. பதினைந்தாவது கல்லுக்கு நூறு அடி முன்னாலேயே தொண்டையில் வந்து அடித்தது. எண்ணெய் பக்கத்து நிலத்துக்குள் முழுதாக இறங்கியிருந்தது. அண்ணன் இறந்தபின் அவருடைய அண்ணி கீரையும் கத்தரியும் போட்டுப் பிழைத்துவந்த நிலம் அது.

"வாசனை இல்லைன்னு எழுதினேன் சார். மூக்கு இல்லைன்னு எழுதியிருக்கணும். ரெண்டும் ஒண்ணா?" சிறிது நேரம் கம்பியைத் துடைத்தார், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "அண்ணி ஒரு வார்த்தை கேக்கல. ஏன் தம்பி இப்படிப் பண்ணேன்னு ஒரு வார்த்தை. திட்டியிருந்தா நான் பாட்டுக்குத் தூங்கியிருப்பேன்."

அன்றிலிருந்து பதிவேட்டில் அவரே அடிக்கோல் வைத்து இரண்டு கட்டங்கள் கூடுதலாகப் போட்டுக்கொண்டார். ஒன்று, 'மூக்கு'. உண்டு அல்லது இல்லை. இன்னொன்று, 'முகர்ந்தவர்'. சளி பிடித்த நாட்களில் மனைவியைக் கூட்டிக்கொண்டு நடப்பார். அவர் முகர்ந்து சொல்வார், கையெழுத்தும் போடுவார். வெளியாள் கையெழுத்து செல்லாது என்று அலுவலகம் முறைத்தது. "அப்ப உள்ளாள் மூக்கு ஒண்ணு அனுப்புங்க" என்று எழுதிப் போட்டார். கடைசியில், மூக்கு இல்லாத நாளில் ஊழியர் யாரும் அல்லது ஊரார் யாரும் முகரலாம், முகர்ந்தவரே கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்று ஒரு வரி விதிப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது. மூக்கர் அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறார்.

இந்த வருடம் சமூகப் பொறுப்பு நிதியில் என்ன செய்யலாம் என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். நிறுவனத்தின் சமூக நலப் பிரிவு மேலாளர் வந்திருந்தார். நல்ல மனிதர், ஊரில் பாதிப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அண்ணியின் நிலம் பட்டுப்போய்க் கிடந்ததால் அதை நிறுவனமே குத்தகைக்கு எடுத்திருந்தது. அங்கே, குழாய்ப் பாதையையும் சேர்த்து, குழந்தைகள் பூங்கா. ஊஞ்சல், சறுக்கு மரம், உட்கார நாற்காலிகள், தரை முழுக்கக் கல் பாவி. 'நிலைத்த வளர்ச்சி, பசுமைப் பாதை' என்று வண்ணப்படம் போட்டுக் காட்டினார். படத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள்.

மூக்கர் எழுந்தார். "கல்லு பாவிட்டா கம்பி எங்க சார் இறங்கும்? கீழ கசிஞ்சா யாருக்குத் தெரியும்? மேல புள்ளைங்க விளையாடும். முதல்ல குழாயை மாத்துங்க, அப்புறம் ஊஞ்சல் போடுங்க, நானே ஆட்டி விடுறேன்."

"குழாய் வேற பிரிவுங்க. நானும் எழுதியிருக்கேன். என் கையில இருக்கறது இந்த நிதிதான்" என்றார் மேலாளர். பொய்யில்லை.

"காலை மிதிச்சவரு கைக்கு மோதிரம் போட்டா கால் வலி போயிடுமா சார்?"

"மோதிரமாவது வருதே, வாங்கிப் போட்டுக்குவோம்!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார். கூட்டம் சிரித்தது. பிள்ளைகள் வேறு சறுக்கு மரம் சறுக்கு மரம் என்று வீட்டில் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரைக் குறை சொல்வது? பூங்கா முடிவாயிற்று. ஒப்பந்தக்காரர் வெளியே மூக்கரைத் தனியாக அழைத்து, அடுத்த மாதம் வேலை புதுப்பிக்கும் மாதம் என்று நினைவூட்டினார்.

"வேலை போயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று நான் கேட்டேன்.

"மூக்கு கூடவேதானே சார் வரும்."

கல் பாவும் தொடக்க விழா நாளன்று காலை ஐந்தரைக்கு நான் போனபோது, மூக்கர் வீட்டு வாசலில் தும்மிக்கொண்டிருந்தார். கண் சிவந்து, மூக்கு அடைத்து, குரல் குடத்துக்குள்ளிருந்து வந்தது. உள்ளே அவர் மனைவி அதைவிட உரக்கத் தும்மிக்கொண்டிருந்தார். மழையில் நனைந்து இருவரும் ஒன்றாக வாங்கி வந்த சளி. இந்த மூக்குக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"யாருக்குத் தெரியப் போகுது?" என்று கிசுகிசுத்தேன். "பதினஞ்சாம் கல்லுல வாசனை வருதுன்னு சொல்லிக் கொடியை நட்டுடுங்க. கல் பாவுறது நின்னுடும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் இன்னும் முப்பது அடி தள்ளிப் போனேன்.

"மூக்கு இல்லாம எழுதின ஒரு வரிக்குத்தான் சார் அண்ணி நிலம் போச்சு. இன்னொரு வரி எழுத மாட்டேன்."

பதிவேட்டை எடுத்து, 'மூக்கு' கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார். பிறகு இரண்டு தெரு தாண்டி ஒரு கதவைத் தட்டினார். இரண்டு வருடமாக அவர் தட்டாத கதவு. அண்ணியிடம் விசேஷங்களில் மட்டும் தலைகுனிந்து பேசியதோடு சரி.

"அண்ணி, எனக்கு இன்னிக்கு மூக்கு இல்ல. நீங்க வரணும்."

குள்ளமான, நரைத்த பெண்மணி. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "செருப்பு போட்டுட்டு வரேன் தம்பி" என்றார். அவ்வளவுதான். மூக்கர் மூக்கை உறிஞ்சினார். எல்லாம் சளி என்று நான் நினைக்கவில்லை.

பதினான்கு கற்கள். ஒவ்வொன்றிலும் இவர் கம்பியைச் செருகி உருவினார், அண்ணி முகர்ந்து தலையசைத்தார், கையெழுத்துப் போட்டார். எட்டரை மணிக்குப் பதினைந்தாவது கல். பந்தல், நாற்காலிகள், ஒலிபெருக்கி, முதல் வரிசையில் பிள்ளைகள். மேலாளர் கையில் புதுக் கொத்துக் கரண்டி, காலடியில் பாவ வேண்டிய முதல் கல். கூட்டத்துக்கு நடுவே புகுந்து மூக்கர் மண்டியிட்டார். கம்பி இறங்கியது, திரும்பியது, வந்தது. அண்ணி முகர்ந்தார். முகம் மாறியது. மூக்கரைப் பார்த்தார்.

"விழா முடிஞ்சு பாத்துக்கலாமேங்க" என்றார் மேலாளர், தணிந்த குரலில்.

"முடிஞ்சா கல்லு உக்காந்துடும் சார்."

"சரி, கசியுதா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

"எனக்கு இன்னிக்கு மூக்கு இல்ல சார்."

கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. மூக்கருக்கே மூக்கில்லையாம்! பின்வரிசை மோதிரக்காரர் விசில்கூட அடித்தார். மூக்கர் அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"நான் சொன்னா, பிடிவாதத்துக்குச் சொல்றேன்பீங்க. அண்ணி சொன்னா, நிலம் போன கோவத்துல சொல்றாங்கம்பீங்க. விதியில ஊழியர் யாரும் முகரலாம்னு போட்டிருக்கு. நீங்க ஊழியர்தானே சார்? நீங்களே பாருங்க."

கம்பியை இன்னொரு முறை செருகினார். உருவினார். நுனியை மேலாளர் பக்கம் நீட்டினார்.

மேலாளர் சுற்றிலும் பார்த்தார். ஒலிபெருக்கியை யாரோ நிறுத்தியிருந்தார்கள். குனிந்தார். முகர்ந்தார். மனிதர் நல்லவர் என்று சொன்னேன் அல்லவா, அவருக்கு முகத்தை மறைக்கத் தெரியவில்லை. தலை வெடுக்கென்று பின்னால் போனது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மழை ஈரம்… அந்த வாடையா இருக்கலாம்" என்றார்.

"இருக்கலாம் சார்" என்றார் மூக்கர். பதிவேட்டை விரித்து அண்ணி கையில் கொடுத்தார், 'முகர்ந்தவர்' கட்டம் மேலாளருக்குத் தெரியும்படி. பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். பையிலிருந்து சிவப்புக் கொடியை எடுத்தார். வலது கையில் பேனா, இடது கையில் கொடி. "வாசனை இல்லைன்னா இது. இருக்குன்னா அது. ரெண்டுல எதுவா இருந்தாலும் எனக்குச் சரி. முகர்ந்தது நீங்க."

இரண்டு கையும் நீட்டியபடி நின்றார். தும்மல் வந்தது. கையை மடக்காமலே தும்மினார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மேலாளர் முதல் வரிசைப் பிள்ளைகளைப் பார்த்தார், பெயர் தெரிந்த பிள்ளைகள். அவர் கை பேனாவரைக்கும் போனது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கொடியை வாங்கிக்கொண்டு, தானே இரண்டடி நடந்து, கம்பி இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில் செருகினார். பழக்கமில்லாத கை, கொடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

மூக்கர் மண்டியிட்டார். இரண்டு விரலால் கொடியை நிமிர்த்திப் பிடித்து, சுற்றிலும் மண்ணைத் தள்ளி, எழுந்து, குதிகாலால் நான்கு மிதி மிதித்தார். அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. கம்பியைத் துடைத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"வாங்க அண்ணி. இன்னும் இருபத்தோரு கல் இருக்கு."